என் மனைவி எம்.ஏ. படித்த இரண்டு வருஷம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். ற வர வேண்டிய இடத்தில் ர போட்டிருப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் லாரி நம்பரும் என் பெயரும்தான். என் மனைவி திருத்தித் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். அவளுக்கு இருக்கிற வேலை போதும். நான் எழுத வந்ததும் அந்த வேலையைப் பற்றித்தான்.

அவள் ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர். நான் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் லோடுமேன். வீடு திருவொற்றியூரில். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள், நர்சிங் படிக்க வெளியூர் ஹாஸ்டலுக்குப் போனாள். இனி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், சாயங்காலத்தில் நிம்மதியாக டீ குடிக்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி ஒரு விண்ணப்பத் தாளை மேஜையில் வைத்தாள்.

"எம்.ஏ. மியூசிக் சேரப்போறேன். தபால் வழி. சனி, ஞாயிறு கிளாஸ்."

"இப்பவா?"

"பின்ன, ரிட்டயர் ஆனப்புறமா?"

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பி.ஏ. படித்ததும் இப்படித்தான், மகளை மடியில் வைத்துக்கொண்டு.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கடிகாரத்துக்கு மரியாதை போய்விட்டது. காலை நாலரைக்கு அவள் போனில் சுருதி ஓடும். இட்லிச் சட்டியில் மாவு ஊற்றிக்கொண்டே ஸ்வரம் சொல்லுவாள். குக்கர் விசில் இடையில் வந்தால், விசில் முடிகிறவரை அதே ஸ்வரத்தில் நின்று காத்திருப்பாள். ஏழேகால் மணிக்கு மெட்ரோ. பள்ளியில் ஆறு பீரியட். சாயங்காலம் வீட்டில் ஆறு பெண் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு. அவர்கள் என் கட்டிலில்தான் உட்காருவார்கள், அதனால் நான் வாசலில் நிற்பேன். சனிக்கிழமை வகுப்பு முடிந்து நேராக சர்ச்சுக்கு ஓடி வந்து கொயர் பிள்ளைகளுக்குக் கீபோர்டு வாசிப்பாள். கிறிஸ்துமஸ் மாதத்தில் அவளை நான் பார்த்ததே பெரும்பாலும் முதுகுப் பக்கமிருந்துதான்.

மகள் ஒரு நாள் எனக்குப் போன் பண்ணினாள்.

"நைனா, அம்மாகிட்ட பேசணும்னா அப்பாயின்மென்ட் வாங்கணுமா?"

"எனக்கே வெயிட்டிங் லிஸ்ட்தான்மா," என்றேன்.

மெட்ரோவில் உட்கார்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போடுவது அவள் வழக்கம். விரல் விட்டு எண்ணுவாள், தட்டுவாள், கையைத் திருப்புவாள். ஒரு நாள் பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டாராம். "நரம்பு வியாதியா கண்ணு? தண்டையார்பேட்டையில ஒரு நல்ல டாக்டர் இருக்காரு" என்றாராம். அவள் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த டாக்டரின் விலாசத்தையும் வாங்கி வந்திருந்தாள்.

சமையல் என் பக்கம் வந்து சேர்ந்தது. எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களின் பட்டியலை அவள் கேஸ் அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தாள், வேறு சுவரில் இடம் இல்லை. நானும் கிண்டிக்கொண்டே படிப்பேன். கனகாங்கியில் கடுகு வெடித்தால் ரத்னாங்கி தாண்டுவதற்குள் வெங்காயத்தைப் போட்டுவிட வேண்டும். என் சாம்பார் முதல் மாதம் உப்பில்லாமல் இருந்தது. இரண்டாம் மாதம் உப்பு மட்டும் இருந்தது. பிறகு பரவாயில்லை.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. இரண்டாம் வருஷம் ப்ராஜெக்ட் என்று ஒன்று வந்தது. மாணவர்கள் தாங்களே ஒரு விஷயத்தை எடுத்து, வெளியே போய்ப் பார்த்து, கேட்டு, பதிவு செய்து, அறுபது பக்கத்துக்கு எழுதித் தர வேண்டும். அது இல்லாமல் பட்டம் இல்லை. அவள் சர்ச் பாடல்களை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு வழிகாட்ட ஒரு பேராசிரியை இருந்தார். அவர், "இந்த வருஷம் மட்டும் நாலு பேர் அதையே எழுதறாங்கம்மா, வேற கொண்டு வா" என்று ஒரு வாரம் தவணை கொடுத்துவிட்டார்.

அந்த வாரத்தில்தான் என் தோஸ்து வீட்டுக்கு வந்தான். சந்தையில் ஹைட்ரா கிரேன் ஓட்டுகிறவன். மகளுக்குக் காது குத்தல், பத்திரிகை கொடுக்க வந்திருந்தான்.

"இன்னா டீச்சர், பேஜாரா கீற மாதிரி கீது?"

"பாட்டு தேடிகினு இருக்கேன். யாரும் இதுவரைக்கும் எழுதாத பாட்டு."

"அத்த ஏன் வெளிய தேடுறீங்க? உங்க வூட்டுக்காரு வாயில கீது."

நான் கையிலிருந்த பிஸ்கட்டை டீயில் விட்டுவிட்டேன்.

"இவரா?" என்றாள் என் மனைவி.

"பின்ன? மாமு குரல் வுட்டா ரெண்டு டன்னு பிளேட்டு தானா நவுரும் டீச்சர். என் ஹைட்ரா பூராத சந்துல மாமு குரல் பூரும்."

அவன் போனதும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சர்ச்சுல கடைசி வரிசையில நின்னுகினு நீங்க வாயை மட்டும் அசைக்கிறது எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமா தெரியும். பாவம், இவருக்குப் பாட்டே வராதுன்னு நான் கேக்கவே இல்ல."

"பாட்டு வராதுதான். அது பாட்டு இல்ல. சத்தம்."

அவள் அன்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்து தலைப்பை எழுதிவிட்டாள்.

அது என்ன சத்தம் என்று சொல்லிவிடுகிறேன். லாரியில் வரும் இரும்பு பிளேட்டுகளை ஹைட்ரா கடை வாசலில் இறக்கிவிடும். உள்ளே அதன் கை நுழையாது. அங்கிருந்து நாங்கள் எட்டுப் பேர், பிளேட்டுக்கு அடியில் பைப்புகளைப் போட்டு உருட்டி, கயிற்றைக் கட்டி இழுப்போம். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் பிளேட்டு கோணிக்கொள்ளும், யார் காலாவது போகும். அதற்காக ஒருவன் வரி எடுத்துக் கொடுப்பான், மற்றவர்கள் "ஏய்சா" என்று சொல்லி இழுப்பார்கள். எங்கள் செட்டில் வரி கொடுப்பவன் நான். நாலு பேர் முன்னால் நின்று பேசச் சொன்னால் எனக்கு வியர்த்துவிடும். ஆனால் கயிற்றைப் பிடித்துவிட்டால் எங்கிருந்தோ வந்துவிடும்.

முதலாளி தொப்ப – ஏய்சா
மூணு முழம் – ஏய்சா
பெல்ட்டு தேடி – ஏய்சா
பர்மா பஜாரு – ஏய்சா

இது காகிதத்தில் எழுதக்கூடிய வரி. இதற்குப் பிறகு வருகிற வரிகளை நான் எழுத மாட்டேன்.

பேராசிரியைக்குத் தலைப்பு பிடித்துவிட்டது. சந்தையும் மூடியிருக்கும், தனக்கும் கிளாஸ் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பதிவு வைத்துக்கொள்ளலாம் என்றாள் என் மனைவி. நான் முந்தைய நாளே செட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

"டீச்சர் முன்னாடி கலீஜா ஒரு வார்த்தை வரக்கூடாது. பல்கலைக்கழகத்துக்குப் போற விஷயம்."

அவர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் குளித்து, எண்ணெய் தடவி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார்கள். ஒருவன் தன் கல்யாண சட்டையைப் போட்டு வந்திருந்தான், பட்டன் மூடவில்லை. உயரப்படி வரிசையாக நின்றார்கள். கயிறு இல்லை, பிளேட்டு இல்லை. கை கட்டிக்கொண்டு பாடினோம். முதலாளி தொப்பைக்குப் பதிலாக "ஆண்டவன் கருண" என்று நான் மாற்றியிருந்தேன். மூணு முழத்துக்குப் பதிலாக "அளவே இல்ல". மற்றவர்கள் ஏய்சா என்பதை ஆமென் சொல்வதுபோலச் சொன்னார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தேன். அவள் போனில் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் எல்லோருக்கும் ஜூஸ் வாங்கிக் கொடுத்தாள்.

பேராசிரியை அதை இரண்டு தடவை கேட்டாராம்.

"இதுல யாரும் எதையும் இழுக்கலயேம்மா. மூச்சு வாங்கற சத்தம்கூட இல்ல. இது பஜனை. இதுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

சமர்ப்பிக்கப் பதினைந்து நாள்தான் இருந்தது. தவறினால் அடுத்த வருஷம். அடுத்த வருஷம் என்றால் அந்த நாலரை மணி, அந்த மெட்ரோ, அந்தச் சனி ஞாயிறு எல்லாம் இன்னொரு சுற்று. அவள் வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் பூண்டு உரித்தாள். அவள் பேசாமல் இருந்தால் அது எனக்குத் தாங்காது. அந்த வீட்டில் பேசாமல் இருப்பவன் நான்தான், அதில் பங்கு போட ஆள் தேவையில்லை.

தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"வரியெல்லாம் மாத்திட்டேன்."

"எந்த வரி?"

"எல்லா வரியும்."

அவள் பூண்டைக் கீழே வைத்தாள். "ஏங்க, நான் பதினெட்டுப் பக்கம் எழுதிட்டேன். இரும்புச் சந்தைத் தொழிலாளர்களோட பாட்டுல பக்தி மணம் கமழுதுன்னு எழுதியிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத நேரம்தான். செட்டில் ஒவ்வொருவன் முகமும் கண் முன்னால் வந்தது, பக்தி மணத்தோடு. அவள் முறைத்துப் பார்த்தாள், பிறகு அவளாலும் முடியவில்லை. அந்தப் பதினெட்டுப் பக்கத்தையும் கிழித்தாள். "நாளைக்கு அரை நாள் லீவு போடறேன். சரக்கு வர்ற நேரத்துக்கு வர்றேன். ஒரு வார்த்த மாறக்கூடாது" என்றாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு வந்தாள். பள்ளிக்கூடச் சேலை, தோளில் பை. சந்தையில் வெயில் இரும்பில் பட்டுத் திரும்பி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பிளேட்டு வாசலில் தயாராக இருந்தது. நாங்கள் கயிற்றைப் பிடித்தோம். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் அவள் கையிலிருந்த போனைப் பார்த்தேன். வெறுமனே "ம்" என்றேன். நாலு பேர் இழுத்தார்கள், நாலு பேர் இழுக்கவில்லை. பிளேட்டு இடது பக்கம் கோணிக்கொண்டு தூணில் முட்டி நின்றது.

"மாமு, இன்னா ஊமையாய்ட்ட?" ஹைட்ராவின் மேலிருந்து என் தோஸ்து கத்தினான். "டீச்சரு யாரு, உன் சம்சாரம்தானே? புதுசா பொண்ணு பாக்க வந்த மாதிரி நிக்கிற."

"கட்டிகினு இருபத்திரண்டு வருசமாச்சி, இன்னும் வெக்கம் போவல," என்றான் கயிற்றின் கடைசியில் நின்றவன். "புள்ள எப்படித்தான் பொறந்துச்சோ."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகியது.

என் மனைவி பதிவை ஓடவிட்டு, போனை இரும்பு ஆங்கிள் அடுக்கின் மேல் வைத்தாள். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, எதிர்க் கடையின் பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பவள்போல் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் வெட்கப்படும் பிள்ளைகளை அவள் இப்படித்தான் பாட வைப்பாளாம். அதைப் பிறகு சொன்னாள். அவள் முதுகைப் பார்த்துப் பழக்கம் இருந்ததாலோ என்னவோ, எனக்குக் குரல் வந்தது. கடப்பாரை போட்டுப் பிளேட்டை நேராக்கினோம். நான் ஆரம்பித்தேன். முதலாளி தொப்பை வந்தது, பர்மா பஜார் வந்தது, அதற்குப் பிறகு வர வேண்டியதும் ஒன்று விடாமல் வந்தது. அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. திரும்பவில்லை.

பிளேட்டு உள்ளே போய்ச் சேர்ந்தபோது முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். என் மனைவியைப் பார்த்தார், போனைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, புக்ல கடை பேரு மட்டும் போடாதீங்க. தொப்பை பரவால்ல, ஊருக்கே தெரியும்."

அன்று சாயங்காலம் பாட்டு வகுப்புக்கு லீவு விட்டுவிட்டாள். என்னைக் கட்டிலில் உட்கார வைத்துப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டு, மேஜையில் தாளம் தட்டினாள்.

"நான் இங்க தட்டறேன். நான் தட்டுன உடனே நீங்க ஆரம்பிக்கல, அரை இடம் தள்ளி ஆரம்பிக்கறீங்க. எல்லா வரியும் அப்படித்தான். யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரு சொல்லிக் குடுக்கணும்? மூச்சுப் புடிக்க வேணாமா?"

அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

"சரி, அந்த மாதிரி வார்த்தை எல்லாம் எதுக்கு?"

"நல்ல வார்த்தைக்கு எவன் காது குடுப்பான்? அது வந்தா, அடுத்து இன்னா வரும்னு எட்டு பேரும் காத்துகினு இருப்பான். காத்துகினு இருந்தா ஒண்ணா இழுப்பான்."

அதையும் எழுதினாள். நான் சொல்வதை ஒருவர் எழுதிக்கொண்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பதினான்காம் நாள் பேராசிரியை கையெழுத்துப் போட்டார். வரிகளை மறைக்காமல் முழுதாக எழுதும்படி அவரே சொல்லிவிட்டாராம். பதினோராம் பக்கத்தை நான் இன்றுவரை திறந்து பார்க்கவில்லை.

கடைசியாக நேர்முகத் தேர்வு. வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து கேள்வி கேட்பார். அவர் சரியில்லை என்று சொன்னால் எல்லாம் போச்சு. நான் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன். உள்ளே பேச்சுக் கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் நன்றாகத்தான் போனது. பிறகு அந்தப் பேராசிரியரின் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"முக்கியமான குரல் உங்க கணவரோடதுன்னு எழுதியிருக்கீங்க. நீங்க மியூசிக் டீச்சர். அரை இடம் தள்ளி எடுப்பு, ஒரு வரிகூடப் பிசகல. நீங்களே சொல்லிக் குடுத்துப் பாட வச்சிருக்கலாமே?"

என் மனைவி "சார், அவர் வெளியதான் நிக்கறார்" என்றாள்.

கதவு திறந்தது. உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி ஓடியும் எனக்கு முதுகெல்லாம் நனைந்தது. சாப்பாட்டுப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

"அந்தப் பாட்டைக் கொஞ்சம் பாடுங்க," என்றார்.

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"கனம் இல்லாம வராதுங்க ஐயா."

"கனம்னா?"

"இழுக்கறதுக்கு இன்னாவது வேணும்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. ச ரி க ம தெரியுமா? இத்தனை வருஷம் மியூசிக் டீச்சரோட குடும்பம் நடத்தறீங்க. அதைப் பாடுங்க."

அவளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு இரண்டு வருஷம். எனக்கு ஏழு எழுத்து. பாடினேன். ச சரியாக வந்த மாதிரி இருந்தது. ரி எங்கேயோ போய்விட்டது. க-வைத் தேடிப் போனபோது குரல் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மேலேயும் ஒரு பாதி கீழேயும் ஓடியது. ம-வில் நானே நிறுத்திக்கொண்டேன். வழிகாட்டிப் பேராசிரியை கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

வெளியிலிருந்து வந்தவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே என் மனைவியிடம் சொன்னார்: "சொல்லிக் குடுக்கலம்மா. நம்பறேன்."

படிக்கட்டில் இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது எங்களுக்குப் பழக்கமில்லாத விஷயம், சுற்றிலும் மாணவர்கள் வேறு. "அந்த ரி கொஞ்சம் பாத்துக்கலாம்" என்றாள். வேண்டாம் என்றேன்.

முடிவு போன வெள்ளிக்கிழமை வந்தது. அவள் போன் பண்ணவில்லை. பள்ளி விட்டதும் ஆட்டோ பிடித்து நேராகச் சந்தைக்கே வந்துவிட்டாள். நாங்கள் பிளேட்டைப் பாதி வழியில் நிறுத்தினோம்.

"பாஸ்," என்றாள். "ப்ராஜெக்ட்ல நான்தான் முதல். தியரியில ஒரு பேப்பர் மட்டும் ஜஸ்ட் பாஸ், அவ்வளவுதான்."

"அப்ப பிரியாணி எப்போ டீச்சர்?" என்றான் என் தோஸ்து.

"ஞாயித்துக்கெழம. அவரு செய்வாரு."

"ஐயோ, கடையில வாங்கிடுங்க டீச்சர். புண்ணியமா போவும்."

அவளுக்கு ஐந்தரை மணிக்கு வீட்டில் பாட்டு வகுப்பு. வந்த ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தாள், அதிலேயே ஏறிப் போய்விட்டாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். லாரியில் இன்னும் ஆறு பிளேட்டு பாக்கி இருந்தது.

இன்று மதியம் பிரியாணியை நான்தான் செய்தேன். எட்டுப் பேரும் சாப்பிட்டார்கள், ஒருவனும் செத்துப் போகவில்லை. பாத்திரம் கழுவிவிட்டு, அவள் தூங்குகிற நேரத்தில் இதை எழுதி முடித்தேன்.

18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு மாலை.